அந்தக் குழந்தைக்கு நான் அரைத்த மாவு

கொரோனா அடங்கி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகள் எல்லாம் பழையபடி மூன்று ஷிஃப்ட் ஓட ஆரம்பித்திருந்த சமயம். நாங்கள் அப்போது அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்கார அம்மா. கீழே இரண்டு போர்ஷன். ஒன்றில் நான், என் கணவர், ஒன்பது மாதப் பெண் குழந்தை. நடுவே ஒரு ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் தம்பதி, அவர்களுக்கு ஏழு மாதத்தில் ஒரு பையன்.

காதல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிற குடும்பம்; அவன் இந்து. இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். குழந்தை பிறந்த பிறகாவது யாராவது வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். யாரும் வரவில்லை. அவள் துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலை ஷிஃப்ட். அவன் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இரவு ஷிஃப்ட். அவன் வேலை முடிந்து சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வரும்போது, அவள் சாப்பாட்டுப் பையோடு வாசலில் தயாராக நிற்பாள். குழந்தையைக் கை மாற்றிவிட்டு ஓடுவாள். மதியம் அவள் திரும்பி வருகிற வரைக்கும் பையன் அவன் பொறுப்பு. தூங்காத கண்ணோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தில் மேலும் கீழும் நடப்பான். நான் பல நாள் சொல்லியிருக்கிறேன், "என்கிட்ட குடுத்துட்டு நீ கொஞ்சம் தூங்கு தம்பி" என்று. "உங்களுக்கே ஒண்ணு கீதுக்கா, பரவால்ல" என்பான். எப்போதாவதுதான் கொடுப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் சமையல்கட்டுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, பால் மட்டும் அவனுக்குப் பத்தல. கடையில விக்கிற டப்பா மாவு குடுத்தா வயித்தப் புடிச்சிக்கிது. நீங்க பாப்பாவுக்கு இன்னா குடுக்கறீங்க?"

நான் என் பெண்ணுக்கு வீட்டிலேயே சத்துமாவு அரைத்து வைத்திருந்தேன். முளைகட்டிய கேழ்வரகு, சிவப்பரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கோதுமை, பொட்டுக்கடலை, வாசனைக்கு ஏலக்காய். அவ்வளவுதான். பாதாம், முந்திரி எல்லாம் ஒரு வயசு ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் மொட்டை மாடியில் நிழலில் காயவைப்பேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் வறுக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாகவே நிற்கும். மாவு மெஷினில் மிளகாய் அரைத்த பிறகு போனால் நெடி ஏறிவிடும் என்று, கடை திறக்கும்போதே போய் முதல் ஆளாகக் கொடுப்பேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பேப்பரில் பரப்பி, சூடு ஆறியதும் பழைய வேட்டித் துணியில் சலித்து எடுத்தால் முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருக்கும்.

அதில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். எப்படிக் காய்ச்ச வேண்டும் என்றும் காட்டினேன். பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வைத்தால் கட்டி தட்டாது, பளபளப்பு வரும்வரை கைவிடாமல் கிளற வேண்டும் என்று. பையனுக்கு அது பிடித்துப்போனது. இரண்டு மூன்று வாரத்திலேயே கன்னம் உப்பிவிட்டது. அவள் கம்பெனிக்குப் போகிற அவசரத்திலும் என் ஜன்னல் பக்கம் அவனைத் தூக்கிக் காட்டி, "அக்கா மாவுதான்" என்று சிரித்துவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு எப்போது அரைத்தாலும் இரண்டு குழந்தைக்கும் சேர்த்தே அரைத்தேன்.

கார்த்திகை மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். சந்துக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது. கத்தவில்லை.

"அக்கா, வாங்கக்கா. இவன் முழிக்க மாட்றான்."

ஈரக்கையோடு ஓடினேன். அவன் குழந்தையைக் கையில் ஏந்தியபடி நின்றிருந்தான். பையனின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கிலும் கழுத்து மடிப்பிலும் கஞ்சி. தரையில் கிண்ணமும் குழந்தைக்கு ஊற்றுகிற பாலாடைச் சங்கும் கிடந்தன. நான் குழந்தையைப் பிடுங்கி, முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். கொஞ்சம் கஞ்சி வெளியே வந்தது. அழுகை வரவில்லை.

என் பெண்ணை வீட்டுக்கார அம்மாவிடம் போட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல் அவனோடு ஆட்டோவில் ஏறினேன். குழந்தை என் மடியில்தான் இருந்தான். பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமில் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். வழி முழுக்க மழை. அவன் பையனின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தான். பாதம் சூடாகத்தான் இருந்தது. அதனால் நானும் நம்பிக்கொண்டே இருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ரொம்ப நேரம் முயற்சி செய்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கடைசியா என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"சத்துமாவு கஞ்சி சார்."

"கடையில வாங்கினதா?"

"இல்ல சார். இவங்க அரைச்சுக் குடுத்தது."

அவன் என்னைக் காட்டினான். அதில் கோபம் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆனால் அங்கே நின்றிருந்த நர்ஸ், வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண், பக்கத்துக் கட்டிலில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அம்மா எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் இன்னும் அந்தக் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது.

அவள் கம்பெனியிலிருந்து வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அழவில்லை. "காலைல சிரிச்சிகினுதானே இருந்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, அவனைப் பார்த்தா என்று தெரியவில்லை.

சின்னக் குழந்தை, வழியிலேயே உயிர் போயிருக்கிறது என்பதால் போஸ்ட்மார்ட்டம் செய்தார்கள். போலீசுக்கும் போனது. மறுநாள் ஒரு பெண் காவலர் வந்து இரண்டு வீட்டிலிருந்தும் மாவு டப்பாவை எடுத்து, துணி சுற்றி, அரக்கு வைத்து எடுத்துப் போனார். அவர் என்னை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஆனால் டப்பாவோடு அவர் தெருவில் நடந்து போனதை எல்லோரும் பார்த்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

அடக்கத்துக்கு நான் கிளம்பினேன். காம்பவுண்டு கேட்டிலேயே அவனுடைய நண்பன் ஒருவன் மறித்து, "நீங்க வராதீங்கம்மா. அங்க ஏதாவது ஆயிடும்" என்றான். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிப் போகிறவர்களின் காலடிச் சத்தம் சந்து வழியாகப் போனது. அதோடு சரி.

இரண்டு நாள் கழித்து அவன் என் வாசலுக்கு வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சந்துச் சுவரில் முதுகை வைத்துச் சரிந்து உட்கார்ந்தான்.

"இன்னாக்கா போட்ட அதுல? ஒரே புள்ளக்கா."

என்னென்ன போட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே ஆட்கள் கூடினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மிளகாய் அரைத்த மெஷினில் அரைத்திருப்பாள், பூச்சி மருந்து அடித்த கேழ்வரகைக் கழுவாமல் போட்டிருப்பாள், புழுத்த மாவைத் தள்ளிவிட்டிருப்பாள். தெருமுனை மளிகைக் கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். என் பெண்ணைப் பார்த்தாலே தூக்கிக் கொஞ்சுகிறவர்கள், அதற்குப் பிறகு அவளைத் தொடவில்லை. மாவு அம்மா என்று எனக்குப் பெயரும் வைத்தார்கள்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் என் கணவர் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கோச்சிக்காத. நல்லா யோசிச்சுப் பாரு. எலி மருந்து, கரப்பான் மருந்து ஏதாவது கிட்டக்க வச்சிருந்தியா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கே என் மீது சந்தேகம் வந்துவிட்டது. அவர் வேலைக்குப் போனதும் அலமாரியைத் தேடினேன். பின்னால் ஒரு சின்னப் பாட்டிலில் அதே மாவு கொஞ்சம் மிச்சம் இருந்தது. போலீஸ் கண்ணில் படாதது. என் பெண் அதைத்தான் தினமும் குடித்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அந்த மாவு முழுவதையும் கஞ்சியாகக் காய்ச்சி, நின்றபடியே நானே குடித்தேன். குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஏதாவது ஆகிறதா என்று காத்திருந்தேன். பக்கத்தில் என் பெண் பசியில் அழுகிறாள். அவளுக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. வெறும் சாதத்தைக் குழைத்து ஊட்டினேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவளுக்கு எதை ஊட்டினாலும், ஊட்டி முடித்துவிட்டு அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.

தை பிறந்த பிறகு அந்தப் பெண் காவலர் போன் செய்தார். வந்து டப்பாவை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"உங்க மாவுல ஒண்ணும் இல்லம்மா. நல்ல மாவு. கஞ்சி புரை ஏறி மூச்சுக் குழாய்க்குள்ள போயிருக்கு. படுக்க வச்சு ஊட்டினா சின்னக் குழந்தைங்களுக்கு இப்படி ஆகறது உண்டுன்னு டாக்டர் சொல்றாரு."

"அவங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் புரை ஏறினதுன்னு சொல்லியாச்சு. கேஸ முடிச்சாச்சு."

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். அத்தனை நாளாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதேன். முதலில் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்ல வேண்டும், பிறகு மளிகைக் கடையில், பிறகு தெருவில் ஒவ்வொருவர் முகத்தைப் பார்த்தும் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். டப்பாவை எல்லோரும் பார்க்கிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் பின்வாசல் வழியாக வந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவது அதுதான் முதல் தடவை. பாதியாக இளைத்திருந்தாள்.

"அக்கா, உங்களுக்கும் போன் வந்துச்சா?"

தலையை ஆட்டினேன்.

"உங்க மேல தப்பு இல்லன்னு எனக்கு மொதல்லயே தெரியும்கா. நான்தான் தெனமும் அந்தக் கஞ்சியக் காய்ச்சி, ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு வச்சிட்டுப் போவேன்."

தெரிந்தும் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் பொங்கியது. அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு மடியில படுக்கப் போட்டு பாலாடையில ஊத்திகினு இருந்திருக்காரு. நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்த மனுசன், தூக்கம். போலீஸ் ஸ்டேஷன்ல புரை ஏறினதுன்னு சொன்னதும் வெளிய வந்து, 'நான்தானா, நான்தானா'ன்னு என்னையே கேட்டுகினு நின்னாரு. நான் இல்லன்னுட்டேன். மாவு சரியா சலிக்கல, கட்டி இருந்துச்சு, அதான் தொண்டையில மாட்டிகிச்சுன்னு சொல்லிட்டேன்."

"என் மேல பழி சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்கா."

அவள் அழவில்லை.

"அதுக்கு மொத நாள் அவரு ரயில் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்து ஓரமா போய் உக்காந்துகினு இருந்தாரு. தெரிஞ்ச ஆட்டோ அண்ணன் பாத்துக் கூட்டிகினு வந்தாரு. புள்ள போயிட்டான். இவரும் போயிட்டா எனக்கு யாருமே இல்லக்கா. எங்க அம்மா ஊட்டு வாசப்படிகூட எனக்குக் கெடையாது. நீங்க தெருவுல சொன்னீங்கன்னா அவரு காதுக்கு வந்துடும். சொல்லாம இருங்கக்கா."

நான் நல்லவள் மாதிரி ஒன்றும் பேசவில்லை. "என் பொண்ண யாரும் தொடமாட்றாங்க. என் புருசனே எலி மருந்தான்னு கேட்டாரு. நான் எப்பத்தான் சொல்றது?" என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று நான் வாக்கும் கொடுக்கவில்லை. அவள் வந்த வழியே போய்விட்டாள். அன்று என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அவங்க கஷ்டம் அவங்களோட. நம்ம பேர நாமதான் காப்பாத்திக்கணும். நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லு" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்து தெருவிலிருக்கிற கறுப்பு டேங்கை நிரப்பிவிட்டுப் போனது. குடத்தோடு போனேன். போலீஸ் டப்பாவைத் திருப்பித் தருகிற விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தெருமுனை வீட்டுப் பெண், என்னை மாவு அம்மா என்று முதலில் கூப்பிட்டவர், குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"ஏம்மா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. போலீஸ் டப்பாவத் திருப்பிக் குடுக்குதாமே. அப்ப அந்தப் புள்ளைக்கு இன்னாதான் ஆச்சாம்?"

இதற்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அப்போதுதான் வரிசையின் கடைசியில் அவன் நிற்பதைப் பார்த்தேன். ஒரு காலிக் குடத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான், பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. தாடி மண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையுறையைக் கழற்றியபோது அவன் எப்படி நின்றானோ அப்படியே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாவ சரியா சலிக்காம விட்டுட்டேன் போல" என்றேன். "கட்டியா இருந்திருக்கு. தொண்டையில மாட்டிகிச்சு."

நான் யோசித்துச் சொன்னதல்ல அது. தியாகம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். சொல்லி முடித்த அடுத்த நிமிடமே ஏன் சொன்னோம் என்றுதான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

தெருமுனைப் பெண், "அடிப்பாவி" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போனான்.

என் கணவருக்கு விஷயம் தெரிந்ததும், "பைத்தியமா உனக்கு? போலீஸே இல்லன்னுடுச்சு. நீயா போய் தலையில மண்ண வாரிப் போட்டுகினு வந்து நிக்கற. நாளைக்கு நம்ம பொண்ணு பெருசாகிக் கேட்டா இன்னா சொல்லுவ?" என்றார். அதற்குப் பிறகு பல நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ கைக்குழந்தைகள். மாவைச் சலித்தால் போதும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு, படுக்கப் போட்டுப் பாலாடையில் ஊற்றிக்கொண்டிருந்தால்? என் பொய்யால் இன்னொரு வீட்டில் இப்படி ஆனால்? அவன் வேலைக்குப் போன பிறகு, பிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்துப் போனேன். தூக்கக் கலக்கத்தில் ஊட்டாதீர்கள், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், முழுங்கிவிட்டதா என்று பார்த்து அடுத்த வாய் கொடுங்கள் என்று சொன்னேன். "நீ சொல்லி நாங்க கேக்கணுமா?" என்று ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை. நிறைமாதமாக இருந்த ஒரு பெண் மட்டும் என்னை உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

கோடையில் அவர்கள் காலி செய்துகொண்டு பட்டாபிராம் பக்கம் போய்விட்டார்கள். வண்டியில் சாமான் ஏற்றும்போது அவள் மட்டும் என் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நாளில் நாங்களும் திருமுல்லைவாயல் பக்கம் வீடு மாறினோம். என் பெண்ணுக்கு ஒரு வயது முடிந்தும், இரண்டு முடிந்தும் நான் மறுபடி மாவு அரைக்கவில்லை.

போன வருடம் பள்ளிக்கூட லீவில் என் பெண்ணைப் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். பின்னாலிருந்து, "அக்கா" என்று ஒரு குரல். அவள்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை வயது இருக்கும். அவள் என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, உனக்கு சோளம் வாங்கித் தரேன்" என்று கூட்டிப் போனாள். நான் பெஞ்சின் இன்னொரு மூலையில் உட்கார்ந்தேன். பாப்பா உன்னை மாதிரியே இருக்கிறாள் என்று ஏதோ சொன்னேன்.

அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னிக்கு டேங்க் கிட்ட நீங்க சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்கா."

நான் சட்டென்று அவன் பக்கம் திரும்பினேன்.

"என் மடியிலதானே படுத்துகினு இருந்தான். எனக்குத் தெரியாதா. கண்ணு சொருகிச்சு. அவனுக்கும் பாதித் தூக்கம். நாலு வாய் ஊத்திட்டா ரெண்டு பேரும் படுத்துக்கலாம்னு..."

குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அப்ப ஏன் தம்பி எதுவும் பேசாமப் போன?"

"அவ எனக்காகத்தான் உங்ககிட்ட வந்து கெஞ்சியிருப்பா. நான் நம்பலன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. நம்பிட்டேன்னு நெனச்சிகினுதான் சாப்பிடவே ஆரம்பிச்சா. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சிகினு கீறா. நீங்க சொல்லிடாதீங்கக்கா."

மன்னிப்பு எதுவும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும். தினமும் அந்தக் காலை நேரம் வரும்போது எழுந்து வெளியே போய் நின்றுவிடுவதாகவும், இந்தப் பெண்ணுக்கு இதுவரை ஒரு வாய்கூடத் தன் கையால் ஊட்டியதில்லை என்றும் சொன்னான். அவள் கேட்டால் வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவானாம்.

அவள் சோளத்தோடு வந்தாள். "இன்னா, ரெண்டு பேரும் ரகசியம் பேசிகினு கீறீங்க?" என்றாள்.

"சும்மா. பழைய ஊட்டப் பத்தி" என்றான்.

அவள் முகம் ஒரு நொடி மாறியது. என்னைப் பார்த்தாள். சொல்லிவிடவில்லையே என்று கேட்கிற பார்வை. நான் இல்லை என்று லேசாகத் தலையை அசைத்தேன். அவளுக்கு உயிர் வந்தது. அவன் அதைக் கவனிக்காதவன் மாதிரி குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் எல்லோரும் உட்கார்ந்து சோளம் சாப்பிட்டோம். மழை வருகிற மாதிரி இருந்ததால் கிளம்பினோம்.

ரயிலில் என் பெண் என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு அந்த இரண்டு பேரின் நினைப்புதான். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அவன் தாங்கமாட்டான் என்று அவளும், அவள் தாங்கமாட்டாள் என்று அவனும் ஆளுக்கு ஒரு பக்கம் மூடி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் பாரம் குறையுமா, இல்லை அந்த வீடே சரிந்துவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இன்றுவரை சொல்லவில்லை.

நான் சொன்ன பொய்யால் அந்தக் குழந்தை திரும்பி வரவில்லை, கள்ளிக்குப்பத்தில் என் பெயரும் சரியாகவில்லை. ஆனால் எங்கேயாவது ஒருவர் மேல் ஊரே சேர்ந்து பழி போடும்போது, வாயை மூடிக்கொண்டு நிற்கிற அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்குமோ, யாருக்காகவோ அதைச் சொல்லாமல் நிற்கிறாரோ என்று நினைத்து, நான் மட்டும் அந்தக் கூட்டத்திலிருந்து விலகி வந்துவிடுகிறேன்.